ஹெத்தைப் பண்டிகைக்கு இரண்டு லாரி

ஜனவரி 7, புதன்

அரவேணுவில் காலையிலிருந்து மூடுபனி. விரல் விறைத்து எழுத்தெல்லாம் தப்பாக விழுகிறது.

தேயிலை பாக்டரிக்கு நான் எழுதும் புரோகிராம்: எந்த லாரி எந்த ஊர்க் கொட்டகையில் பச்சை இலை ஏற்றினால் ஓட்டம் குறையும், இலை சூடேறுமுன் பாக்டரி சேரும் என்று சொல்ல வேண்டும். இன்றைய விடை: ஒரு கொட்டகையில் மைனஸ் நாற்பது கிலோ. பூஜ்யத்துக்குக் கீழே போகாதே என்று எழுத மறந்தது நான்தான். மச்சினன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, இலையைத் திருப்பிக் குடுக்கற பாக்டரி இதொண்ணுதானுங்க" என்றான். சம்பாதிக்கிற திமிர். திருத்தியாயிற்று.

ஜனவரி 8, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். படுகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகை நாளின் போன வருஷக் கணக்கைக் கொடுத்தார். அன்று டிரைவர்கள் பாதிப்பேர் லீவு, இரண்டே லாரி, இலை ஏகப்பட்டது வீண்.

"அந்த நாளுக்கு உங்க புரோகிராம் சரியாச் சொல்லட்டுங்க, திங்கக்கெழம லாரியை அதும்படி உடறேன். இல்லீன்னா கோயமுத்தூர் கம்பெனிக்குச் சொல்லிருவேன்."

அந்தக் கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருப்பது பா. பெங்களூரில் என் வேலையைத் தன் பெயரில் காட்டி மேலே போனவன். இதையும் அவனுக்கே விடுவதா? விட்டால் எனக்கு மறுபடி டியூஷன்தான்.

மாலை அந்தக் கணக்கைப் போட்டு ஓட்டினேன். "சாத்தியமான விடை இல்லை."

ஜனவரி 9, வெள்ளி

மணியும் நிமிடமும் கலந்துவிட்டதா? இல்லை. தூரம்? சரி. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டல். நேர வரம்பை எடுத்தால் விடை வருகிறது. லாரி இருட்டிய பிறகும் மலை சுற்றுகிறது. உதவாது.

பிறகு கொட்டகைகளை நீக்கிப் பார்த்தேன். நான்கை எடுத்ததும் சட்டென்று விடை. நான்கும் படுகர் ஊர்கள். நான்கிலும் இலை ஒரே ஒரு கிலோ. பண்டிகை அன்று யார் போய் ஒரு கிலோ பறித்தது?

ஜனவரி 10, சனி

பாக்டரியில் கணக்கு எழுதும் சுகந்தியைக் கேட்டேன். யாரும் பறிக்கவில்லையாம்.

"நல்ல நாளும் அதுவுமா சைபர் எப்படிங்க சார் போடறது? மங்களமா இருக்கட்டும்னு ஒண்ணு போட்டனுங்க."

இலை இருந்தால் லாரி போயே ஆக வேண்டும் என்பது என் நிபந்தனை. இல்லாத ஒரு கிலோவுக்காக என் புரோகிராமில் இரண்டு லாரியும் நான்கு ஊர் ஏறியதில்தான் நேரம் போதவில்லை. திட்ட வாயெடுத்து விட்டுவிட்டேன். எங்கள் வீட்டிலும் மொய் நூற்றியொன்றுதான்.

கொட்டகை திறந்ததா என்று தனிக் கட்டம் சேர்த்தேன். அவள் ஒன்றே போட்டுக்கொள்ளட்டும். விடை வந்தது. இரண்டே லாரி, பொழுது சாய்வதற்குள் இலை முழுவதும் பாக்டரியில். கையாலும் போட்டுப் பார்த்தேன். சரி. மேனேஜருக்கு அனுப்பினேன்.

முட்டைக்கோஸ் வாங்க மறந்தேன். வீட்டில் வசவு.

ஜனவரி 12, திங்கள்

வெயில். நேற்று முழுக்க மேனேஜரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. பா. முந்திக்கொண்டான் என்றே நினைத்தேன். இப்போதுதான் போன்.

"சார், டிரைவருங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கறாங்க. மொதல்ல எந்த ஊருக்குப் போறதுன்னு சொல்லுங்க."

இன்றைய கணக்கைக் கேட்டு வாங்கிப் போட்டேன். ஓடுகிறது. மேனேஜர் லைனிலேயே இருக்கிறார், லாரி உறுமுவது கேட்கிறது. வந்துவிட்டது.

முதலில் ஜக்கனாரைக்கு.