ஜெபத்தில் வந்துவிட்ட பெயர்

ஈஸ்டர் ஞாயிறு, 1931. டத்தோ கிராமாட்.

ஆராதனை முடிந்து வந்து வீட்டில் குடும்ப ஜெபம் நடத்தினேன். பிள்ளைகளின் பெயரை மூத்தவனிலிருந்து வரிசையாகச் சொல்லி ஜெபிப்பது என் வழக்கம். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கடலுக்கு அக்கரையில் உள்ள பத்து காவான் என்ற தோட்டத்துக்குப் போய்விட்ட மூத்தவன் சாமுவேலின் பெயரை மட்டும் நான்கு மாதமாக விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

இன்று வேதத்தில் கல்லறைக் கல் புரண்டுகிடந்த பகுதியை வாசித்துவிட்டுக் கண்ணை மூடினேன். நாக்கு பழைய வரிசையிலேயே போய்விட்டது. "சாமுவேல்" என்றேன். உடனே சின்னவள் சத்தமாக ஆமென் சொன்னாள்.

பிறகு மனைவியிடம், "வாய் தவறி வந்துடுச்சு" என்றேன்.

"கர்த்தர்கிட்ட சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. நாளை முதல் படகு ஆறரைக்கா, ஏழுக்கா என்று தெரியவில்லை.