சுரங்கத்தில் ஒரு குடித்தனம்

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் போனில் கேட்பதைவிட நிஜத்தில் அதிகமாகத்தான் இருக்கும் என்கிறார் உன் அம்மா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. டாக்டரைப் பார்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. நீ "இங்க வர்றதுக்கு எப்ப கிளம்பற?" என்றதும் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கைவிடப்பட்ட ரயில் சுரங்கத்தில் என் வலையில் சிக்கிய வௌவால் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உருவம் கட்டைவிரல் அளவு. கோபம் மட்டும் உன் அளவு. மூக்கின் மேல் லாடம் போன்ற மடிப்பு இருந்ததால், இந்தப் பக்கத்து லாடமூக்கு வௌவால் என்றே நினைத்தேன். ஆனால் அதன் முன்கை ரொம்பக் குட்டை. நம் காதுக்கு எட்டாத அதன் குரலைப் பதிந்தால், கருவியில் கோடு வழக்கமான இடத்தைத் தாண்டி எங்கோ உச்சியில் நிற்கிறது. கருவிதான் மக்கர் செய்கிறது என்று பேட்டரியை மாற்றினேன். கோடு இறங்கவில்லை. சிறகில் துளி தோல் எடுத்துக்கொண்டு அதைப் பறக்கவிட்டேன்.

மரபணுச் சோதனை முடிவு வந்தது. மலைகளுக்கு அப்பால் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்த இனம்! இந்தப் பக்கம் யாரும் பார்த்ததே இல்லை. நான் குதித்தேன், எங்கள் பேராசிரியர் குதிக்கவில்லை. "காத்துல அடிச்சிட்டு வந்திருக்கும்மா. ஒண்ணே ஒண்ண வச்சுக்கிட்டு, இங்க வாழுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அன்று முகம் தொங்கிப்போய் வீடு திரும்பியவள்தான் "சரி, இங்க வேலைய விட்டுட்டு அங்கயே வந்துடறேன்" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுபடி சுரங்கத்துக்குப் போனேன். கடைக்கோடியில் கூரை விரிசல் ஒன்றில் சிவப்பு விளக்கைக் காட்டினால், வரிசையாகத் தாய்கள்! ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு, மயிர்கூட முளைக்காத குட்டி. கருவியில் அதே உச்சிக் கோடு. பேராசிரியரைக் கையோடு இழுத்து வந்தேன். தொப்பையோடு தவழ்ந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து, "அடடா, குடித்தனமே நடத்துதுங்களே!" என்று கிசுகிசுத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குட்டிகள் பறக்கும்வரை அந்தச் சுரங்கத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

வருகிறேன் என்று சொன்னவள் நான்தான். இல்லை என்று இப்போதும் சொல்லவில்லை. ஆனால் இந்தமுறை உன் விடுமுறைக்கு நீ இங்கே வாயேன். அந்தி சாயும்போது சுரங்க வாசலில் நிற்போம். வௌவால்கள் உரசாமல் கடந்துபோகிற காற்று மட்டும் கன்னத்தில் படும். அதற்கப்புறம், நாம் எங்கே இருப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா. திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடாதே.

என்றும் உன்,
வௌவால்காரி