உபசாரத்துக்குச் சொன்னது

கொலம்பஸ், ஒஹையோ
மார்ச் 9

அன்புள்ள சியாமக்,

நலம்தானே? நாங்களும் நலம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் கடிபடாத பொருள் இல்லை. மின்னஞ்சலில் எழுதினால் அதையும் எங்காவது சாட்சியாகக் காட்டுவாயோ என்று காகிதத்தில் எழுதுகிறேன். பார், உன்னோடு பேசவே பயமாகிவிட்டது.

நீ அனுப்பிய பரிந்துரைக் கடிதம் வந்தது. முதலாளி இல்லாமல் நாமே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, நம் புகழை நாமே எழுதி அடுத்தவன் கையெழுத்துக்கு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். உன்னை ‘அபூர்வத் திறமைசாலி’ என்று எழுதிக்கொண்டாய், சரி. ஆனால் மூன்றாவது பத்தி? தண்ணீரிலிருந்து ஈயத்தைப் பிரிக்கும் நம் வடிகட்டியை நீ ‘தனியாகவே’ உருவாக்கினாயாம். அதற்கு நானே சாட்சியாம்! மூன்று வருஷம் ஒரே மேசையில் இருந்தோமே, நான் என்ன தேநீர் ஊற்றிக்கொண்டா இருந்தேன்?

என் விண்ணப்பமும் அதே வடிகட்டியை நம்பித்தான் இருக்கிறது. ஜூனில் என் விசா முடிகிறது. இதில் கையெழுத்துப் போட்டால் எனக்கு நானே குழி வெட்டிக்கொள்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். எப்போது விண்ணப்பிக்கப் போகிறாய் என்று போன மாதம் இரண்டு தடவை கேட்டாயே, அது அக்கறையா, முந்திக்கொள்ளவா?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதற்கு, “நீதானேப்பா எல்லார் முன்னாடியும் சொன்னே, எல்லாம் சியாமக் கைவண்ணம், நான் சும்மா கூட நின்னேன்னு” என்றாய். அட பாவி! நம் ஊர்க்காரன்தானா நீ? வடிகட்டிக்குப் பரிசு கிடைத்தபோது நடந்த விருந்தில் நான் உபசாரத்துக்குச் சொன்னது அது. நீயும் பதிலுக்கு, “ஐயோ, எல்லாம் பஹ்மன் தலையில உதிச்சது, நான் அவரு காலடித் தூசு” என்றாய். ஈரானியர்கள் நாம் இரண்டு பேர் வாசலில் ‘நீங்க முதல்ல, நீங்க முதல்ல’ என்று அரை மணி நேரம் நிற்போம். அதற்காக ஒருவன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வானா?

என் மனைவி மஹ்நாஸிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உன் கையெழுத்துக்காக நான் ஜனவரியிலேயே எழுதி வைத்த கடிதத்தை எடுத்து நீட்டி, வாசிக்கச் சொன்னாள். ‘பஹ்மன் தனியாகவே உருவாக்கினார்.’ ஆதாரம், விருந்தில் நீ பேசிய பேச்சு. “அவரு திருடன்னா நீங்க யாரு, காவல்காரரா? அவரு முந்திட்டாருன்னுதானே இந்தக் கோபம்?” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, சியாமக்.

இரண்டு கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ‘தனியாகவே’ போய் ‘இருவரும் சேர்ந்து’ வந்திருக்கிறது. அப்படி எழுதினால் பலம் குறையும் என்கிறார் என் வக்கீல். குறைந்தால் குறையட்டும். ஒரே வடிகட்டியைத் தனித்தனியாகச் செய்த இரண்டு பேர் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போனால் என்ன ஆகும்?

உன்னுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் திருப்பி அனுப்பாமல் இருக்கவும் உன்னால் முடியும். அந்தச் சந்தேகம் வரத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். இருந்தும் அனுப்புகிறேன்.

இந்த மாதம் இருபதாம் தேதி பிறக்கும் நம் ஈரானியப் புத்தாண்டு உன் வீட்டுக்கு நல்லதே கொண்டுவரட்டும். அதற்குள் உன் உறை எனக்கு வரட்டும். இந்த முறை உபசாரம் வேண்டாமடா, கையெழுத்துப் போதும்.

உன்னோடு ஒரே மேசையில் இருந்த,
பஹ்மன்