குழு அறையில் நான் சொன்ன சொல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் லிஃப்டில் எந்த மாடி என்று தெரியாமல் நின்றார் செனட்டர். பேச்சு கொடுத்தபடியே நான் பொத்தானை அழுத்திவிட்டேன். ஹோபார்ட் டாக்கெட்டுக்கு எண்பத்து மூன்று வயது, இது ஆறாவது பதவிக்காலம். கென்டக்கியில் பாதி வீடுகளில் அவர் படம் மாட்டியிருக்கும். மீதிப் பாதியில் பெயரைச் சொன்னாலே காறித் துப்புவார்கள். தொழிற்சங்கத்தை உடைத்தவர். எந்தப் போர் வந்தாலும் கை தூக்கியவர். எங்கள் மலைக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய அலுவலகத்தை நடத்துவது என் வேலை. இப்போதெல்லாம் அவரையும்.

மார்ச் 5, புதன்

கட்சிக் கொறடா கூப்பிட்டார். நாளை குழுவில் வாக்கெடுப்புக்கு வரும் மசோதா, அதாவது சுரங்கத் தூசியில் நுரையீரல் கறுத்துப்போனவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் உதவித்தொகையைக் கூட்டுவது, அங்கேயே விழவேண்டுமாம். விழாவிட்டால் டாக்கெட்டின் மறதியைப் பற்றிக் கட்சியே பேச ஆரம்பிக்குமாம். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

மாலையில் செனட்டரிடம் கேட்டேன். தெளிவாக இருந்தார்.

"தேர்தலப்ப அந்தப் பொம்பளைங்க கையப் பிடிச்சு வாக்கு குடுத்திருக்கேன், லொரீனா. ஆமான்னுதான் சொல்லணும்."

மார்ச் 6, வியாழன்

மசோதா தோற்றது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

எழுதித்தான் ஆகவேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் அவருக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே விட்டுப்போயிற்று. திரும்பிப் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார், கடைக்கு வந்து என்ன வாங்க வந்தோம் என்று மறந்தவர்போல. நான் குனிந்து, "இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். கணீரென்று.

அவரைக் காப்பாற்றத்தான் செய்தேன். — அவரையா? அவர் போனால் நானும்தானே போகவேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

ஊருக்குப் போனேன். என் அண்ணன் டென்வரின் வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும். சுரங்கத்தில் உழைத்த ஆள்; இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் வாசல்வரைகூட வரமுடியாது.

"உங்க கிழவன் எங்க எல்லாரையும் கழுத்தறுத்துட்டான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "அவன நம்பாதடான்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான், எங்க லொரீ கூட இருக்கா, பாத்துக்குவான்னேன்."

நான் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ரொட்டியும் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது?

மார்ச் 11, செவ்வாய்

செனட்டர் பத்திரிகையோடு என் அறைக்கே வந்துவிட்டார்.

"நானா இல்லைன்னு சொன்னேன்?"

"ஆமா, செனட்டர்."

"ஏன்?"

"நீங்க காரணம் எதுவும் சொல்லல."

டையைத் தடவிவிட்டுக்கொண்டார். பிறகு, "அப்படின்னா அந்த நாற்காலில இனிமே நான் உக்காரக் கூடாது" என்றார்.

மார்ச் 12, புதன்

நேற்றே சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. சொல்லவில்லை. சீ.

மார்ச் 18, செவ்வாய்

பதவி விலகிவிட்டார். வாக்குத் தவறிவிட்டேன் என்று கேமராக்கள் முன்னால் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்க, பக்கத்தில் நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். தாங்கமுடியவில்லை. மைக்கிடம் போனேன்.

"அன்னிக்கு அவர் ஆமான்னு சொல்லத்தான் வந்தார். இல்லைன்னு சொல்லச் சொன்னது நான்."

முன்வரிசை நிருபர் ஒருவர் என்னைப் பரிவோடு பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

மார்ச் 19, புதன்

யாருமே நம்பவில்லை! 'கடைசிவரை விசுவாசம்' என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. கொறடா போன் செய்து, நன்றாகச் சமாளித்தீர்கள் என்றார். வேலை வேண்டுமானால் வரச் சொன்னார். வைத்துவிட்டேன்.

செனட்டரின் மனைவி ஓபல் வீட்டுக்கு அழைத்துக் கட்டிக்கொண்டார். "எங்களுக்காகப் பழியத் தலைல போட்டுக்கிட்டியேம்மா." உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். தெரியும் தெரியும் என்று இன்னொரு துண்டு ஆப்பிள் பை வெட்டி வைத்தார்.

கிளம்பும்போது செனட்டர் என் கையைப் பிடித்தார். "எனக்காக நீ பொய் சொல்லியிருக்க வேண்டாம்."

திட்டியிருந்தால் இத்தனை கூசியிருக்காது.

ஏப்ரல் 3, வியாழன்

அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். டென்வர் கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

"டிவில சொன்னியே, அது நெசமா?"

"நெசம்தாண்ணா."

"ஊரே பொய்ங்குது."

நான் அவரை நேராகப் பார்த்தேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல. நீ பொய் சொன்னா கீழ பாப்ப. அன்னிக்கு ரொட்டியப் பாத்த மாதிரி."

கதவைச் சாத்திவிட்டார். அறைந்து சாத்த அவரிடம் மூச்சில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று ராத்திரி டென்வரிடமிருந்து போன். நுரையீரல் பரிசோதனைக்கு லெக்சிங்டன் போகவேண்டும், கூட்டிப்போக ஆள் இல்லை. என் பெயரைச் சொல்லவில்லை. "காலைல வா" என்றதோடு சரி.

போனேன். காரின் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் பின்கதவைத் திறந்து ஏறி, சிலிண்டரைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். மலை இறங்கும்வரை அந்தக் குழாயின் சீறல்தான். திரும்பும்போதும் பின்னால்தான் உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் இறங்க உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். நாலு எட்டு நடந்து, நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த வியாழனும் போகணும்."

சரி என்றேன்.