நாலு மணிக்கு முன்னால

ஆவணி 6, வெள்ளி.

மக கவிதாவுக்கு உயிரியல்ல, பூச்சிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ண, பிஎச்.டி. சீட்டு கெடச்சிருச்சு. மார்க்கு, நுழைவுத்தேர்வு, இன்டர்வியூ எல்லாம் தாண்டிட்டா. ஆனா முழுநேரமும் யுனிவர்சிட்டியிலயே தங்கிப் படிக்கணுமாம். ஆராய்ச்சிக் கட்டுரை ரெண்டு அச்சுல வரணுமாம். முடிய அஞ்சு வருசமாவது ஆகுமாம். சம்மதத்தை நாலு மணிக்குள்ள சொல்லணும்னுட்டாக. என்னைக் கேக்க ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கா. வெடி கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுன்னு அது கேட்டுல வாட்ச்மேன்கிட்ட கெடந்துச்சு. வேலை விட்டு ஆறு மணிக்குத்தான் பேசினேன்.

"சரின்னு எழுதிக் குடுத்துட்டேம்மா. திட்டுவியா?"

"பூச்சியப் பாக்க அஞ்சு வருசமாடி? நான் அஞ்சு நிமிசத்துல நூறு பூச்சி அடிப்பேனே!"

சிரிச்சா. "நெசமா சொல்லும்மா, கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பியா?"

"பின்ன? வீட்டுல சோறு வடிக்க ஆள் வேணும்ல?"

வெளையாட்டாத்தான் சொன்னேன். அவ போனை வச்சுட்டா. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கல.

"அம்மா, போகட்டுமா?"ன்னு அவ கேட்டு, "போ தாயி"ன்னு நான் ஒரு தடவை சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தைய வச்சே அஞ்சு வருசத்தையும் ஓட்டியிருப்பேன்.