காற்று அசையாத காலை

துரின்,
9 ஏப்ரல் 1987

அன்புள்ள நுன்ஸியா அக்காவுக்கு,

நீயும் ஒனோஃப்ரியோ அத்தானும் சுகம்தானே? மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். மிச்சத் திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆமாம் அக்கா, மே மாதம் வருகிறேன்!

எங்கள் பேராசிரியர் ஸக்கேத்தி வெளிநாட்டு விஞ்ஞானிகள் பதினான்கு பேருக்கு எரிமலைகளைச் சுற்றிக் காட்டுகிறார். எத்னாவில் மூன்று நாள், பிறகு நம் வுல்கானோ தீவு. "ஒங்க அக்கா புருஷன் வழிகாட்டினாத்தான் நான் அந்த மலையில கால் வைப்பேன்" என்று அவரே சொன்னார். அத்தானுக்கு நம் ஊர்ப் பேச்சு மட்டும்தானே தெரியும்? அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லப்போவது நான்தான்.

பயணம் நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று பேராசிரியர் காதில் போட்டிருக்கிறார். ஆறு வருடமாகத் தற்காலிகம்தான். வேண்டிக்கொள். அத்தானை அந்தக் கிழிந்த நீலச் சட்டை போடாமல் வரச் சொல், பெரிய மனிதர்கள் வருகிறார்கள்.

உன் செல்லத் தங்கை,
ஃபினா


மெஸ்ஸினா மருத்துவமனை,
2 ஜூன் 1987

ஃபினா,

அன்று சாயங்காலமே நீ கூட்டத்தோடு கப்பலேறிவிட்டாய். உன் வேலை அப்படி, புரிந்துகொள்கிறேன். அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

ஒனோஃப்ரியோ ஒன்பது நாள் கழித்துக் கண் விழித்தார். இடது கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. காலையில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. உங்கள் கூட்டத்து ஜெர்மன்காரப் பையன் நான்காம் நாளே எழுந்து, நன்றாக நடந்து, ஊருக்குப் போய்விட்டான். போகும்முன் கட்டிலருகே நின்று அழுதான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மஞ்சள் கந்தகத்தைப் பொறுக்கப் பள்ளத்தில் இறங்கினான், குனிந்தான், விழுந்தான். அவனைத் தூக்க இறங்கிய இவரும் அங்கேயே மயங்கி விழுந்தார். அங்கே விஷக்காற்று தேங்கி நிற்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

செய்தித்தாளிலும் அதையே கேட்டிருக்கிறார்கள். வழிகாட்டி எச்சரிக்கவில்லை என்று உன் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். ஒனோஃப்ரியோ என்னிடம் திணறித் திணறிச் சொன்னது இது: "சொன்னேன் நுன்ஸியா. காத்து அசையல, இன்னிக்கு யாரும் உள்ள எறங்காதீங்கன்னு சொன்னேன்."

நீ பக்கத்தில்தான் நின்றாய். விசாரணை அதிகாரிக்கு அதை எழுதிப் போடு. போதும்.

அக்கா


துரின்,
20 ஜூன் 1987

என் அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தானுக்கு நரம்புக்கு நல்லதென்று இங்கே ஒரு டாக்டர் சொன்ன மருந்தை அனுப்பியிருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. உனக்கு ஒரு கம்பளிச் சால்வையும் வைத்திருக்கிறேன். மருத்துவமனை நாற்காலியில் தூங்கி உன் முதுகு என்ன ஆகுமோ!

நீ கேட்டதைப் பற்றி... அன்று ஒரே சந்தடி அக்கா. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். யார் எந்த நேரத்தில் என்ன சொன்னார்கள் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் முடியவில்லை. பேராசிரியரும் நொந்துபோயிருக்கிறார். இது யார் குற்றமும் இல்லை என்று அவர் எழுதப்போவதாகக் கேள்வி. பொறுமையாக இரு.

உன் ஃபினா


வுல்கானோ,
11 செப்டம்பர் 1987

ஃபினா,

பொறுமையாக இருந்தேன். போன வாரம் ஒனோஃப்ரியோவின் வழிகாட்டி உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். "எச்சரிக்கத் தவறினார்" என்று எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கூட்டிப்போன யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி தெக்லா கேட்கிறாள், "ஒன் புருஷன் அன்னிக்கு காலையிலேயே குடிச்சிருந்தாரா?" நான் ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நேற்று புதுக்கூட்டம் ஒன்று படகில் இறங்கியது. எதிர்க்கரை மிலாட்ஸோவிலிருந்து வந்த ஒருவன் அவர்களை மேலே கூட்டிப்போனான். ஒனோஃப்ரியோ ஜன்னலருகே நின்று பார்த்தார். "தெக்குப் பக்கமா ஏத்துறான் முட்டாள், காலெல்லாம் வெந்துபோகும்" என்றார். பிறகு கதவைத் திறந்து கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை.

மருந்து வேண்டாம். சால்வையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னாரா இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

அக்கா


துரின்,
4 அக்டோபர் 1987

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அத்தான் சொன்னார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கை நீட்டிப் பள்ளத்தைக் காட்டி, முழங்கால் உயரத்துக்கு மூச்சை நிறுத்தும் காற்று நிற்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் என் காதருகே வந்து, "வருஷா வருஷம் இதே பாட்டுத்தான் இவனுக்கு. வந்தவங்களப் பயமுறுத்தாத, மேல போவோம்" என்றார். நான் அவர்களிடம், "கல் சுடும், பார்த்து நடங்கள் என்கிறார்" என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரே ஒரு வாக்கியம் அக்கா. அதை விட்டுவிட்டால் இப்படி ஆகுமென்று எனக்குத் தெரியாது. ஜூலையில் வேலை நிரந்தரமானது. அந்த வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன். ஆனால் போட்டேன். இதையெல்லாம் வெளியே சொன்னால் எனக்கு இங்கே ஒன்றும் மிஞ்சாது. அங்கேயும் அத்தானின் கை திரும்ப வராது.

நீ என்னை வளர்த்தவள். மன்னித்துவிட்டேன் என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

ஃபினா


வுல்கானோ,
23 அக்டோபர் 1987

ஃபினா,

கிழிக்கவில்லை. ஒனோஃப்ரியோவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "நான் அவ்வளவு நேரம் பேசுறேன், அவ நாலே வார்த்தையில முடிச்சிட்டா. எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னமோ தப்புன்னு தோணிச்சு. அந்தப் பையன் எறங்கினப்ப புரிஞ்சுபோச்சு."

"அஞ்சு மாசமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அவள விட்டுடுவே. அவள விட்டா ஒனக்கு யாரு இருக்கா?"

கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னார். நான் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைப் படகில் பக்கத்துத் தீவான லிபாரிக்குப் போனேன். விசாரணை அதிகாரி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நீ மன்னிப்புக் கேட்ட வரியை அவர் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, யாரோ உன் உடுப்பைக் களைவதுபோல. ஆனாலும் கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கோப்பில் சேர்த்துவிட்டார். உன் பேராசிரியரையும் உன்னையும் அழைப்பார்களாம். வேறொருவர் சொல்லி நீ கேட்கக் கூடாதென்று இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஒனோஃப்ரியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுக்காகவா நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாளாகப் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். அவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது முழு உண்மையாகப் படவில்லை.

விசாரணைக்கு நீ வரும்போது லிபாரித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே விடுதி இருக்கிறது. அங்கே தங்கிக்கொள். இந்தத் தீவுக்குப் படகு ஏற வேண்டாம்.

நுன்ஸியா