உனக்கு மட்டும் தெரிந்த மொழி

இன்று காலை விழுப்புரம் கடையில், நம் செயலியைத் திருடியவனின் செயலியை என் கையாலேயே ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். கோலியனூர் விவசாயி. புதுப் போன் வாங்கியிருந்தார். "இன்னா சார், நம்ம ஆப்பு தொறந்த ஒடனே மூடிக்குது?" என்று நீட்டினார். திரையெல்லாம் மல்லாட்டைப் புழுதி; நிலக்கடலை உரித்த கையோடு வந்திருந்தார். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது.

திண்டிவனத்தில் வாடகை அறை எடுத்து நாம் இருவரும் செய்தது அந்தச் செயலி. ஒரு கைப்பிடி மல்லாட்டையை உரித்து, பருப்பை எடைபோட்டுச் சொன்னால் போதும். மூட்டைக்கு என்ன விலை கேட்கலாம் என்று சொல்லிவிடும். அடுத்த அறுவடைக்குள் எவனோ அதைப் பிரித்து, உள்ளே இருந்த கணக்கை அப்படியே உருவி, வேறு பெயரில் விட்டான். அன்று நீ சோற்றைத் தொடவில்லை.

அப்புறம் பாசஞ்சர் ரயிலில்கூட உன் மடியில் லேப்டாப்தான். செயலிக்குள்ளேயே, நிஜத்தில் இல்லாத ஒரு கணினியைக் கட்டினாய். அதற்கென்று நீயே ஒரு மொழியை உண்டாக்கி, கணக்கு முழுவதையும் அதில் மாற்றினாய். பிரித்துப் பார்ப்பவனுக்கு வெறும் எண்கள்தான் தெரியும். மூல நிரலை, பழையதையும் சேர்த்து, உன் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் வைக்க மாட்டேன் என்றாய்.

"எனக்கே ஒண்ணும் புரியலடா" என்றேன்.

"உனக்குத்தான் நான் கீறேனே, அப்பறம் இன்னா பேஜாரு?"

எங்கேடா இருக்கிறாய்? ஒரு நெஞ்சுவலியில் போய்விட்டாய். காரியம் முடிந்ததும், தங்கை மகள் படிக்கட்டும் என்று உன் வீட்டார் லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை என்ன சொல்வது? நீ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. புதுப் போன்களுக்கு ஏற்ப மாற்ற, மழைக்காலம் முழுக்க உன் எண்களோடு முட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருக்கிறாய்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, திருடியவனுக்கே போன் செய்தேன். பூட்டுவதற்கு முன் எடுத்த உன் கணக்கு அவனிடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ போய்விட்டதைச் சொன்னேன்.

"நல்லா எழுதியிருந்தாருங்க அவரு. ஒண்ணொண்ணுக்கும் பேரு வெச்சி, படிச்ச ஒடனே புரியற மாதிரி."

திருடியவனுக்கு நீ புரிந்திருக்கிறாய். ஒரே தட்டில் சாப்பிட்ட எனக்கு எண்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அவன் மேல் இருந்த கோபம் அந்தப் போன் பேச்சோடு ஆறிவிட்டது. உன் மேல் இருப்பது ஆறவில்லை, போடா.